பூத்த பீரங்கி

நாற்பத்திரண்டாம் வருஷத்து யுத்தத்தில் நான் காவல் காத்த பீரங்கி பூப் பூத்தது. மஞ்சள் பூ. சாயங்காலத்துக்குள் சிவந்து உதிரும். அதைப் பார்த்துத்தான் ஜப்பான்காரன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனான். இன்றைக்கு நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுகிறீர்கள் என்றால், அன்றைக்கு நான் சுமந்து ஊற்றிய குடத்துத் தண்ணீர்தான் அதற்குக் காரணம்.

இதைச் சொன்னால் செஞ்சியில் யாரும் என்னோடு வாதாடுவதில்லை. ராஜா குதிரையோடு மதிலைத் தாண்டினார் என்பதைப் பால்குடி மறப்பதற்கு முன்பே நம்பிவிடுகிற ஊர் இது. சாலை மேஸ்திரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமிர்தசாமி வாய் திறந்தால், டீக்கடையில் பெஞ்சை நகர்த்திப் போட்டு இடம் கொடுப்பார்கள். நான் தும்மியதில் சிறுத்தை ஒன்று மலையிலிருந்து உருண்டு விழுந்ததையும், நான் ஓட்டிய ரோடு ரோலர் திருவண்ணாமலை பஸ்ஸை முந்தியதையும் அவர்கள் ஏற்கெனவே ஜீரணித்தவர்கள். பீரங்கி அவர்களுக்குப் பலகாரம்.

மாட்டிக்கொண்டது தேவசகாயத்திடம்தான்.

தேவசகாயம் தளவானூரில் வேர்க்கடலை விவசாயி. பொய் என்றால் அவருக்குப் பல்வலி வந்த மாதிரி. "மழை வரும்" என்று சொல்ல மாட்டார், "மேகம் இருக்குது" என்பார். யாராவது மரியாதைக்கு "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, முழங்காலில் தொடங்கி வயிறு வழியாகக் கண் வரைக்கும் உள்ளது உள்ளபடி சொல்லி முடித்த பிறகுதான் கேட்டவரை விடுவார்.

அவருடைய மகன் அருளானந்தம் செஞ்சியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்மோனியம் வாசிப்பான். என் மகள் ரோஸ்மேரி பாடுவாள். அவள் பாட்டில் சுருதி அடிக்கடி வெளியூர் போய்விடும். அப்போதெல்லாம் அருளானந்தம் ஆர்மோனியத்தை அவள் போன இடத்துக்குக் கொண்டுபோய், அதுதான் சரியான இடம் என்கிற மாதிரி வாசித்துவிடுவான். அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை சீமையில் தேடினாலும் கிடைப்பானா?

அறுபத்து மூன்றாம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு, தேவசகாயம் நாலு உறவுக்காரர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வருகிற ஞாயிறு என்று பேச்சு. வெற்றிலைத் தட்டு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி.

சாப்பாடு நன்றாகப் போயிற்று. என் மனைவி இருதயமேரி முதல் நாளே எனக்குக் கட்டளை போட்டிருந்தாள். "இன்னாங்க, நாளைக்கு நீங்க ரெண்டே வார்த்த தான் பேசணும். 'வாங்க', 'சாப்புடுங்க'." ரசம் வரைக்கும் அந்த இரண்டு வார்த்தையிலேயே சமாளித்தேன். என் ஆயுளில் அது ஒரு சாதனை.

அப்போது தேவசகாயம் கையைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கோட்டை மலையைப் பார்த்தார். "மேல பெரிய பீரங்கி ஒண்ணு கெடக்குதாமே. நான் பாத்ததில்ல" என்றார்.

"அது இன்னா பீரங்கி!" என்றேன் நான். "பூக்காத பீரங்கி."

ரசக்கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. இருதயமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாது?" என்றார் தேவசகாயம்.

இனிமேல் நிறுத்தினால் மரியாதை இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். யுத்தத்தில் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்ததும், மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தைக் காலி செய்துவிட்டு எங்கள் ரோடு கோஷ்டியை அங்கே அனுப்பினார்கள். முள்கம்பி, மணல் மூட்டை, சிமெண்டில் ஒரு காவல் கூண்டு எல்லாம் வந்தது. பீரங்கி மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக, மேலே பறந்து வேவு பார்க்கிறவன் ஏமாறும்படி மரத்தால் பீரங்கி செய்து வைக்கச் சொன்னார்கள். பனைமரம் வெட்டலாம் என்று போனால், பதநீர் இறக்குகிறவர்கள் அரிவாளோடு குறுக்கே நின்றார்கள். காண்ட்ராக்டர் யோசித்தான். ஏரிக்கரையில் இருந்த பூவரச மரங்களை வெட்டிப் பச்சையாகவே கொண்டுவந்து இறக்கிவிட்டான். அடிப்பக்கம் செங்கல் முட்டோடு மண்மேட்டில் புதைந்திருக்க, நுனி கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்க, கறுப்புச் சாயம் பூசி ஆறு பீரங்கி வரிசையாக வைத்தோம். காவலுக்கு என்னை நிறுத்தினார்கள்.

"உப்புக்காத்துல சாயம் போயிடும், தெனம் நல்ல தண்ணியில கழுவுன்னு துரை உத்தரவு" என்றேன். "உத்தரவுன்னா உத்தரவு. தெனம் ஒரு பீரங்கிக்கு ஒரு கொடம். ஐப்பசி மழை வந்துச்சு பாருங்க, பீரங்கிக்குத் துளிர் வுட்டுடுச்சு! துரை வந்து பாத்தாரு. எனக்கு உசுரு போயிடுச்சு. அவரு இன்னாடான்னா, 'எலை வெச்சு மறைச்சிருக்கியா? பேஷ்!'னு என் முதுகுல தட்டிட்டுப் போறாரு. அடுத்த வருஷம் பூத்துச்சு. ஜப்பான் ஏரோப்ளேன் மேலேர்ந்து பாத்திருக்கான். பூத்தா காய்க்கும், காய்ச்சா வெதை வுழும், இந்த ஊர்ல பீரங்கி காடா மொளைக்கப் போவுதுன்னு பயந்துதான்..."

உறவுக்காரர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்.

"மரத்த பீரங்கின்னு வெச்சாங்கன்றது ஒண்ணு. வெள்ளக்காரங்கிட்ட பீரங்கிக்குப் பஞ்சமா? வெட்டிப் போட்ட கட்ட அலையடிக்கிற மணல்ல பூத்துச்சுன்றது ரெண்டு. ஜப்பான்காரன் ஓடினான்றது மூணு." விரலை மடக்கினார். "மூணு ஓலை வாசிக்கறதுக்கு முன்னயே மூணு பொய்யி."

"பொய்யா? யோவ், என் கண்ணால பாத்தது!"

"சம்பந்தின்னு கூப்புட வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்" என்றார் தேவசகாயம். "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா உன் வார்த்தய நம்பித்தான் நான் கெளம்பி வரணும். சாவுன்னு ஆளு அனுப்பினாக்கூட நெசமான்னு ஓசிச்சிக்கினே இல்ல செருப்ப மாட்டுவேன்? மூணுல ஒண்ண காட்டு. ஒண்ணே ஒண்ணு. காட்டிட்டா தட்டு மாத்தலாம். இல்லாட்டி என் புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்தார். அருளானந்தம் வாசற்படியில் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். அவன் செருப்பு அவன் காலிலேயே இருந்தது.

அவர்கள் போனதும் இருதயமேரி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரோஸ்மேரி எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"நைனா."

"இன்னாம்மா?"

"சிறுத்தை பொய்யா இருக்கட்டும். ரோடு ரோலரு பொய்யா இருக்கட்டும். இது ஒண்ணு மட்டும் நெசமா இருக்கணும் நைனா."

அவள் அழுதிருந்தால் ஏதாவது கதை சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவள் அழவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பினேன். ராத்திரியே தளவானூருக்கு ஆள் அனுப்பித் தேவசகாயத்தையும் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். அவரும் வந்துவிட்டார். பொய்யைப் பிடிக்கப் போகிற சந்தோஷம் முகத்தில் இல்லை. கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

திண்டிவனம் வரைக்கும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே இறங்கி டீ வாங்கிக் கொடுத்தேன்.

"டீ நல்லா இருக்குதா?"

"சுடுது" என்றார்.

மரக்காணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. "வாத்தியார் பையன் நல்லா ஆர்மோனியம் வாசிக்கிறான்" என்றேன், பேச்சை ஆரம்பிக்க.

"நடுநடுவ தப்பா வாசிக்கிறான். நானே கேட்டேன்."

"அது ஏன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றார் தேவசகாயம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அத நான் பொய்யில சேக்கல."

இதைக் கேட்டதும் அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. அதனால் பயமும் கூடிவிட்டது.

மரக்காணத்தில் இறங்கி உப்பளங்களைத் தாண்டி மணலில் நடந்தோம். அந்த இடம் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு ரேகை இல்லை. சிமெண்டுக் காவல் கூண்டைக் காணோம். முள்கம்பி ஒரு முழம்கூட இல்லை. மண்மேடுகளைக் காற்று வாரிக்கொண்டு போய் வேறு எங்கோ கொட்டியிருந்தது. எங்கள் பீரங்கிகளின் காலடியில் அலை அடிக்கும்; இப்போது கடலே கூப்பிடு தூரம் தள்ளிப் போயிருந்தது. அல்லது கடல் அங்கேயே இருந்து நாங்கள்தான் வேறு இடத்தில் நிற்கிறோமோ என்னவோ. எனக்கே விளங்கவில்லை.

மர நிழலில் உட்கார்ந்து ஒரு மீனவர் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் என்று பெயர் சொன்னார்.

"இங்க யுத்தத்தப்போ பீரங்கி வெச்சிருந்தாங்களே, தெரியுமா?" என்று கேட்டேன்.

"பீரங்கியா? எங்க குப்பத்துல புடிச்ச மீன் கருவாடு ஆவறதே பெரிய சங்கதி. பீரங்கிக்கு எங்க போறது?"

"சிமெண்டுல ஒரு கூண்டு இருந்துச்சே?"

"நான் பொண்ணு கட்டி இங்க வந்தவன் சார். சண்ட சமயத்துல ஊரையே தொரத்திட்டாங்கன்னு என் மாமனாரு சொல்லுவாரு. அவங்க திரும்பி வந்தப்போ சும்மா மணல் தான் இருந்துச்சாம். இருந்தத எல்லாம் எவன் எவனோ பேத்துக்கினு போயிட்டான்."

தேவசகாயம் என்னைப் பார்த்தார். நான் தேவசகாயத்தைப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலை நோக்கி ஓடினேன். கூண்டு அலைக்குள் போயிருக்கும், தண்ணீரில் நின்று காலால் துழாவினால் தட்டுப்படும் என்று ஒரு நப்பாசை. இடுப்பளவு தண்ணீரில் முன்னும் பின்னும் நடந்தேன். கிளிஞ்சல் தட்டுப்பட்டது. ஒரு நண்டு என் கால் கட்டைவிரலைப் பிடித்தது. அதன் அகலம் ஒரு முறம் இருக்கும், ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பு இல்லை. ரோஸ்மேரி முகம்தான் அலை மேலே அலையாக வந்தது. மகளுடைய கல்யாணத்தைக் கடலில் காலால் தேடுகிற தகப்பன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"அமிர்தசாமீ!"

திரும்பிப் பார்த்தேன். தேவசகாயம் கன்னியப்பன் உட்கார்ந்திருந்த நிழலில் நின்று கையை ஆட்டினார். சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஈரத்தோடு போனேன். மூட்டை பிரிக்காமலே கிடந்தது. அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா மரம்?" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். பூவரசு. உச்சியில் இரண்டு மஞ்சள் பூ. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. மூன்றும் ஏர் பிடித்த மாதிரி ஒரே வரிசை.

"பூவரசு கடலோரத்துல எங்கயும் தான் இருக்கும்" என்றேன் நான், முட்டாள்தனமாக. எனக்கு எதிராக நானே வழக்குப் பேசிய ஒரே சந்தர்ப்பம் அது.

"இருக்கும்" என்றார் தேவசகாயம். "அந்த சவுக்கப் பாரு. அந்தத் தென்னையப் பாரு, அந்த முந்திரியப் பாரு. கடக்காத்து தள்ளித் தள்ளி எல்லாம் ஊர் பக்கம் சாஞ்சிருக்குது. இந்த மூணு மட்டும் காத்த எதுத்துக்கினு கடல் பக்கம் சாஞ்சிருக்குது. மரம் தன்னால அப்பிடி வளராது. எவனோ சாச்சி வெச்சிருக்கான்."

எனக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ரோஸ்மேரி பிறந்த நாளில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"சக்கர மரத்தப் பத்தியா பேசறீங்க?" என்றார் கன்னியப்பன், வலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இன்னா மரம்?"

"சக்கர மரம். பின்னாடி போயிப் பாருங்க. வலை மாட்டறதுக்கு வசதியா இருக்குது."

பின்னால் போனோம். வண்டிச் சக்கரம் ஒன்று மரத்துக்குள் பாதி போயிருந்தது. மாட்டி வைத்த மாதிரி இல்லை. மரமே வாயைத் திறந்து சக்கரத்தைக் கடித்து, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிற மாதிரி இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆரக்கால்கள் உளுத்துப் போயிருந்தன. இரும்புப் பட்டையைச் சுற்றி மரப்பட்டை வளர்ந்து மூடியிருந்தது. உடைந்த கட்டை வண்டிகளின் சக்கரங்களைப் பீரங்கிக்குப் பக்கவாட்டில் நாங்கள்தான் பொருத்தினோம். இருபது வருஷத்தில் எனக்கே அது மறந்துபோயிருந்தது!

தேவசகாயம் உட்கார்ந்து மரத்தடியில் மணலைக் கையால் தோண்டினார். நானும் தோண்டினேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கன்னியப்பனும் வந்து ஒரு கொட்டாங்கச்சியால் தோண்டினார், எதற்கென்று கேட்காமலே. செங்கல் வரிசை தெரிந்தது. செங்கல்லுக்குள் முட்டுக்கொடுத்த அடிமரம். அதன் விளிம்பில் ரம்பம் போட்டு அறுத்த தட்டை முகம், பக்கத்தில் விரல் அகலத்துக்கு வேர்.

தேவசகாயம் அறுத்த முகத்தை விரலால் தடவினார். இரும்புப் பட்டையைத் தட்டிக் கேட்டார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். மணலில் மண்டியிட்டு, கன்னத்தை மரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடிமரத்திலிருந்து நுனி வரைக்கும் கடலைக் குறி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பக்கமாக ஜப்பான்காரன் வந்திருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்க மாட்டான்.

"எத்தினின்னு சொன்ன?"

"ஆறு."

"மூணு தான் இருக்குது."

"மீதி மூணும் வெடிச்சிப் போயிருக்கும்" என்றேன். வாய் திரும்பிவிட்டது.

அவர் எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். கன்னியப்பனுக்கும் பங்கு வைத்துப் புளிச்சோறு சாப்பிட்டோம். குப்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து இலையைப் பறித்துச் சுருட்டிப் பீப்பீ ஊதினார்கள். சர்க்கார் செலவில் வைத்த பீரங்கி கடைசியில் சத்தம் போட்டது என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வாயையே திறக்கவில்லை. திண்டிவனத்தில் டீ நன்றாக இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. செஞ்சியில் இறங்கியதும் தலையை ஆட்டிவிட்டுத் தளவானூர்ப் பக்கம் நடந்தார். சரி என்கிற ஆட்டலா, சீ என்கிற ஆட்டலா, தெரியவில்லை. பஸ் நிலையத்தில் ரோஸ்மேரி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா நைனா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"மரம்?"

"இருந்துச்சும்மா! சக்கரத்தோட, பூவோட..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னாலும் என் வாயிலிருந்து வரும்போது அது ரோடு ரோலர் மாதிரியே இருந்தது. அவளுக்கு வேண்டியது என் சாட்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தளவானூரிலிருந்து ஆளும் வரவில்லை, சொல்லும் வரவில்லை. ஓலை வாசிப்பதை நிறுத்தச் சொல்லிச் சாமியாரிடம் யாராவது வந்தார்களா என்று பூசைக்கு மணி அடிக்கிற கோயில் பிள்ளையைக் கேட்டேன். தெரியாது என்றார். பூசைக்குப் போனோம். அருளானந்தம் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. ரோஸ்மேரி பாடினாள். அன்றைக்குச் சுருதி தப்பவே இல்லை. ஆர்மோனியம் அவளைத் தேடிக்கொண்டு எங்கேயும் போகவில்லை.

பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் பின்பக்கம் கதவு கிரீச்சிட்டது. தேவசகாயம் உள்ளே வந்தார். அவருடைய பங்குக்கோயில் வேறு. இங்கே அவருக்கு வேலையே இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். நடுவழியில் வந்து ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தார். இருதயமேரி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்ததில் ஒரு மணி அறுந்து தரையில் உருண்டது.

சாமியார் ஓலையை எடுத்து வாசித்தார். "தளவானூர் தேவசகாயத்தின் மகன் அருளானந்தத்துக்கும், செஞ்சி அமிர்தசாமியின் மகள் ரோஸ்மேரிக்கும்..." முதல் ஓலை, தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்துவிட்டுத் தாளை மடித்தார்.

தேவசகாயம் எழுந்து நின்றார்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆர்மோனியத்தில் யாரும் தொடாமலே ஒரு கட்டை முனகியது. அதை அருளானந்தத்தின் முழங்கை செய்திருக்க வேண்டும்.

"தடையா?" என்றார் சாமியார்.

"தடையில்ல சாமி. ஆனா நாலு பேரு எதுர்ல இந்தாளப் பொய்யன்னு சொல்லிட்டேன். அத நாலு பேரு எதுர்ல தான் எடுக்கணும்." தேவசகாயம் என் பக்கம் கையைக் காட்டினார். குரல் நீதிமன்றத்தில் பேசுகிற மாதிரி நிதானமாக வந்தது. "ஆறு இருந்துச்சுன்னு சொன்னாரு, நான் பாத்தது மூணு. ஜப்பான்காரன் எதனால திரும்பினான்னு எனக்குத் தெரியாது, அதுக்கு நான் சாட்சி இல்ல. ஆனா மரத்துல பீரங்கி வெச்சது நெசம். சக்கரத்த நான் தொட்டுப் பாத்தேன்."

அடுத்த வார்த்தை அவருக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

"பூத்துச்சு சாமி. சம்பந்தி சொன்னது நெசம். பீரங்கி பூத்துச்சு."